சுரங்க மீட்பு அணி: மலையக மாணவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

கிணற்றுக்குள் பெற்றோல் பம்பை இறக்கித் தண்ணீர் இறைக்கிறார்கள். உள்ளே நின்றவர் சத்தமில்லாமல் சாய்கிறார். மேலே நின்ற தம்பி கயிறுகூட இல்லாமல் குதிக்கிறான். தம்பியின் சத்தத்தையும் காணோம் என்று பக்கத்து லயத்து மாமா இறங்குகிறார். மாணிக்கக் குழியிலும் இப்படித்தான் நடக்கிறது. பம்பு கக்கும் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. முதல் ஆளைக் கொன்றது விபத்து. மற்ற இரண்டு பேரையும் கொன்றது அவசரம்.

வெளிநாடுகளில் சுரங்கப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் வாரந்தோறும் கூடிப் பழகி, போட்டிக்கும் போகிறார்களே, அந்தச் சுரங்க மீட்புப் பயிற்சியின் சாரம் இதுதான்: இரண்டாவது ஆளாக விழாமல் இருப்பது எப்படி? ஒருவரை வெளியே கொண்டுவருவது அதற்குப் பிறகு வரும் பாடம்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கனிய வளங்கள் படிக்கிறவர்கள், மொறட்டுவையில் புவி வளப் பொறியியலுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் சுரங்கப் படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஊரில் ஏதாவது உருப்படியாகச் செய்ய நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். "நம்ம பக்கம் சுரங்கம் ஏது?" என்று கேட்காதீர்கள். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகவும் உமா ஓயாவுக்காகவும் கிலோமீற்றர் கணக்கில் மலையைக் குடைந்திருக்கிறார்கள். பொகவந்தலாவைப் பக்கம் ஆற்றோரமெல்லாம் அனுமதியில்லாத மாணிக்கக் குழிகள். கேகாலைப் பக்கம் இறங்கினால் போகலையில் காரீயச் (கிராஃபைட்) சுரங்கம். எல்லாவற்றுக்கும் மேல் மண்சரிவு இருக்கிறது.

முதல் படி: போட்டி என்றால் என்ன என்று பாருங்கள்

1907 டிசம்பரில் அமெரிக்காவின் மொனொங்கா சுரங்கம் வெடித்து, அதிகாரபூர்வக் கணக்கின்படியே 362 பேர் இறந்தார்கள். அப்படியான விபத்துகளின் அழுத்தத்தில்தான் 1910இல் அந்நாட்டில் சுரங்கப் பணியகம் அமைந்தது. அடுத்த வருடம் பிட்ஸ்பர்க்கில், ஜனாதிபதி டாஃப்ட் பார்த்திருக்க, மீட்புக் குழுக்கள் தங்கள் வேலையைச் செய்துகாட்டின. போட்டி என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. 1999 முதல் சர்வதேசப் போட்டியும் நடக்கிறது. கல்லூரி அணிகளுக்குத் தனிப் போட்டிகள் உண்டு. கொலராடோ ஸ்கூல் ஒஃப் மைன்ஸ், ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் போன்ற இடங்களில் கல்லூரிக்கே சொந்தமாகப் பயிற்சிச் சுரங்கம் இருக்கிறது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பல போட்டிகளில் சுரங்கமே இருக்காது. ஒரு மைதானத்திலோ மண்டபத் தரையிலோ நாடா ஒட்டி, சுரங்கப் பாதைகளை வரைந்திருப்பார்கள். அங்கங்கே அட்டைகள் கிடக்கும். ஒன்றில் "மெதேன் 6%, ஒட்சிசன் 17%" என்றிருக்கும். இன்னொன்றில் "கூரை தளர்ந்துள்ளது", வேறொன்றில் "தண்ணீர், முழங்கால் ஆழம்". அந்த அட்டையை நிஜமாகவே நம்பி நடக்கிற அணி ஜெயிக்கும். தளர்ந்த கூரை என்று எழுதிய அட்டைக்கு அடியால் ஒருவன் சும்மா நடந்து போனால், பின்னால் தாளோடு வரும் நடுவர் ஒன்றும் பேசமாட்டார், குறித்துக்கொள்வார். அமெரிக்க முறையில் புள்ளி சேர்ப்பதில்லை, பிழைக்குப் பிழை கழிப்பார்கள். குறைவாகக் கழிபட்ட அணிக்குத்தான் கிண்ணம்.

இப்படி அட்டை பார்த்து நடக்கும் களப் பிரச்சினை தவிர எழுத்துப் பரீட்சை, முதலுதவி, கருவி சரிபார்ப்பு என்று வேறு பிரிவுகளும் இருக்கும். கருவிப் பிரிவில் சுவாசக் கருவிக்குள் வேண்டுமென்றே பழுது வைத்துக் கொடுப்பார்கள். ஒரு வளையம் குறைந்திருக்கும், அல்லது வால்வு தலைகீழாகப் பூட்டியிருக்கும். நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கைவேலை தெரிந்த அமைதியான பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். அதைத் தேடிப்பிடியுங்கள்.

இரண்டாம் படி: ஆட்கள்

உள்ளே போவது ஐந்து பேர். வெளியே, புதுக்காற்று முகாமில், அவர்களோடு பேசிக்கொண்டே வரைபடத்தை நிரப்புகிறவர் ஒருவர். ஒரு மாற்று ஆளும் வேண்டும். அணித்தலைவர் முன்னால் போவார். கூரையைத் தட்டிப் பார்ப்பதும், காலை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பதும் அவர் வேலை. அவருக்குப் பின்னால் வாயு பார்ப்பவர், வரைபடம் பிடிப்பவர், முதலுதவியும் ஸ்ட்ரெச்சரும் பொறுப்பெடுத்தவர். கடைசியாகத் துணைத்தலைவர். அவர் முன்னால் போகிற நான்கு முதுகையும் பார்த்துக்கொண்டே வருவார், யார் தள்ளாடினாலும் நிறுத்துவார். என்னைக் கேட்டால் அணியில் முக்கியமான ஆள் இந்தக் கடைசி ஆள்தான்.

ஊரில் தைரியசாலி என்று பேரெடுத்தவனைத் தலைவனாக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது வேண்டாம். "திரும்புவோம்" என்று சொல்ல வெட்கப்படாத ஆள்தான் தலைமைக்குப் பொருத்தம். 2007 ஓகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிராண்டல் கேன்யன் சுரங்கம் இடிந்து ஆறு பேர் சிக்கினார்கள். பத்து நாள் கழித்து, அவர்களைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்த மூன்று பேர் அடுத்த இடிவில் செத்தார்கள். அவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, ஒருவர் அரசாங்கப் பரிசோதகர்.

தங்கச்சிமாரை விட்டுவிடாதீர்கள். மாணிக்கக் குழிக்குப் பெண் இறங்கக்கூடாது என்ற நம்பிக்கை நம் நாட்டில் பழையது. அதைப் பயிற்சி மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கல்லூரிகளில் முழுக்கப் பெண்களே கொண்ட அணிகள் போட்டிக்கு வருகின்றன.

தாடி வைத்த தம்பிமாருக்கு ஒரு கெட்ட செய்தி: முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும், மயிர் நடுவில் வந்தால் வாயு கசியும். தாடியை எடுத்தே ஆக வேண்டும். வெற்றிலை போடுகிறவர்கள் பயிற்சிக்கு முன் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், முகமூடிக்குள் துப்ப இடமில்லை.

மூன்றாம் படி: காற்றைப் படியுங்கள்

உடற்பயிற்சிக்கு முன் இதைச் செய்யுங்கள். கருவி எதுவும் வாங்காமலே ஒரு மாதம் படிக்கலாம்.

சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9%. அது 19.5%க்குக் கீழே இறங்கினால் சுவாசக் கருவியில்லாமல் நிற்கக்கூடாது. 16% அளவில் மெழுகுதிரி அணையும். பழைய ஆட்கள் குழிக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்பதன் காரணம் அது. ஆனால் அந்த விளக்கை நம்பாதீர்கள். காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு அழகாக எரியும். வாயு எரிகிற வகையாக இருந்தால் விளக்கே வெடியைக் கொளுத்திவிடும்.

காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். பத்து இலட்சத்தில் 1,200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு. வீதத்தில் சொன்னால் 0.12 தான். மெதேன் காற்றோடு 5% முதல் 15% வரை கலந்திருந்தால் வெடிக்கும். 15%க்கு மேலே போய்விட்டால் பயமில்லை என்று நினைப்பது பெரிய முட்டாள்தனம். ஒரு கதவைத் திறந்து புதுக்காற்று விட்டால் அது மறுபடி 15%க்குக் கீழே வந்து நிற்கும். உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும் வரை காற்றோட்டத்தை மாற்றக்கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது.

எதை எங்கே தேடுவது என்பது எடையைப் பொறுத்தது. காற்றை 1 என்று வைத்தால் மெதேன் 0.55, அதனால் கூரையோரம் தேடுங்கள். காபனீரொட்சைட்டு 1.53, ஐதரசன் சல்பைட்டு 1.19. இரண்டும் தரையோரமும் பள்ளத்திலும் கிடக்கும். காபனோரொட்சைட்டு 0.97, எங்கும் கலந்திருக்கும். ஐதரசன் சல்பைட்டுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு. அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றம் தெரியாமல் போகும். "இப்ப நாத்தம் இல்ல, போகலாம்" என்று ஒருவர் சொன்னால் அவரை வெளியே இழுங்கள்.

நான்கு வாயு காட்டும் சிறிய கருவி ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ ஒரு கட்டுமானக் கம்பனியிலோ இரவலாகக் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் சரிபார்த்த கருவியை அப்படியே நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், நம்பி இறங்காதீர்கள். பயிற்சி நடக்கும் இடத்தில், சுத்தமான வெளிக்காற்றில் பூச்சியம் பிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான்காம் படி: கருவி இல்லாமல் பயிற்சி

தீயணைப்புப் படையினர் முதுகில் போடும் காற்றுச் சிலிண்டர் அரை மணி, முக்கால் மணி தாங்கும். சுரங்கத்துக்கு அது போதாது. சுரங்க மீட்பில் பயன்படுவது மூடிய சுற்றுக் கருவி. விடும் மூச்சு வெளியே போகாது. சோடாச் சுண்ணாம்பு நிறைந்த பெட்டிக்குள் போய் காபனீரொட்சைட்டைக் கழித்துவிட்டு, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் ஒட்சிசன் சேர்ந்து, திரும்ப உங்களிடமே வரும். நான்கு மணி நேரம் தாங்கும். சுண்ணாம்பு வேலை செய்யும்போது சூடாகும் என்பதால் உள்ளே ஐஸ் வைக்கும் வகையும் உண்டு. எடை சுமார் 15 கிலோ. விலையை நினைத்து இப்போதைக்குக் கனவு காண வேண்டாம்.

கருவி இல்லாமல் பழகலாம். பழைய பாடசாலைப் பையில் 15 கிலோ மணலைக் கட்டி முதுகில் போடுங்கள். நீச்சல் கண்ணாடியின் மேல் எண்ணெய்த்தாள் ஒட்டினால் புகைக்குள் நிற்பது மாதிரியே மங்கும். உண்மையான புகை போடாதீர்கள், யாருக்காவது வீசிங் வரும். பெட்மின்டன் மண்டபம் ஒன்றில் கதிரைகளை அடுக்கி, சணல் கயிறு கட்டி, சோக்கால் பாதை வரைந்தால் சுரங்கம் தயார். மண்டபம் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் கொழுந்து மடுவத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ரயில் சுரங்கப் பக்கம் போகவே வேண்டாம். சிங்கமலை சுரங்கத்துக்குள் "ச்சும்மா டிரெய்னிங்" என்று போன ஆளை மீட்க இன்னோர் அணி வேண்டியிருக்கும்.

முதல் ஆறு வாரத்துக்கு ஒரே பயிற்சிதான்: ஐந்து பேரும் ஒரே கயிற்றில், ஒரு கை தூரத்தில், நடந்து போய் நடந்து வருவது. தலைவர் அலவாங்கோ கம்போ கொண்டு கூரையைத் தட்டுவார். (உண்மையான பாறையில் கணீரென்றால் உறுதி, பொத்தென்றால் உள்ளே விரிசல்.) புதுக்காற்று முகாமை விட்டு ஒரு பத்துப் பதினைந்து மீற்றர் போனதும் முதல் நிறுத்தம். ஒருவர் முகமூடியை மற்றவர் பார்ப்பார், பட்டிகளை இழுத்துப் பார்ப்பார், முகத்தைப் பார்த்து "சரியா?" என்று கேட்பார். பதிலுக்குத் தலையாட்டினால் போதாது, பெருவிரலைக் காட்ட வேண்டும். மயங்கத் தொடங்குகிற ஆளும் தலையை ஆட்டுவான், விரலை நிமிர்த்தத் தடுமாறுவான். அதற்குப் பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இதே சோதனை. நின்ற இடத்தில் எல்லாம் தலைவர் சோக்கால் திகதியும் தன் பெயரின் முதலெழுத்தும் எழுதுவார். பின்னால் இன்னோர் அணி வந்தால் அதுவே வழிகாட்டி.

யாருடைய சிலிண்டரில் குறைவாக இருக்கிறதோ அந்த அளவுதான் முழு அணியின் அளவு. போக ஒரு பங்கு என்றால் திரும்ப இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள், வரும்போது கையில் ஸ்ட்ரெச்சர் இருக்கும். ஒருவருக்கு முடியவில்லை என்றால் ஐந்து பேரும் வெளியே. "நீ இங்கேயே இரு, நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம்" என்ற வசனத்துக்கு இந்த வேலையில் இடம் கிடையாது. பக்கப் பாதை ஒன்றைப் பார்க்காமல் தாண்டி முன்னேறவும் கூடாது. முதுகுக்குப் பின்னால் தெரியாத இடம் இருக்கக்கூடாது என்பது விதி.

கட்டளைகளை ஒரே மொழியில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுகிற அணியில் தலைவர் பதற்றத்தில் தன் தாய்மொழியில் கத்துவார். பத்துப் பன்னிரண்டு குறுஞ்சொற்களை முடிவு செய்து, சுவரில் ஒட்டி, அவற்றையே பாவியுங்கள். கயிற்றை இழுப்பதற்கும் ஹோர்ன் அடிப்பதற்கும் எண்ணிக்கை ஒன்றைத் தீர்மானியுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறுவதால், போட்டிக்குப் போகும் இடத்தின் விதிப்புத்தகத்தை ஒரு மாதம் முன்பே எடுத்துப் பழகுங்கள்.

ஐந்தாம் படி: முதலுதவியும் தூக்குதலும்

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸ் படையோ நடத்தும் பயிற்சியை முறைப்படி எடுங்கள். யூடியூப் போதாது. நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதைக் கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள்.

தூக்குவதில் நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேல் டிவிஷனில் பிரசவ வலி வந்தால் கம்பளியில் தொட்டில் கட்டி றோட்டுக்குக் கொண்டுவந்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்றால் கம்பளி கூடாது, விறைப்பான பலகை வேண்டும். ஏற்றத்தில் போகும்போது தலை முன்னால் இருக்கட்டும், மற்றப்படி கால் முன்னால். பயிற்சிக்கு இரண்டு மூங்கிலும் அடிமூலை வெட்டிய இரண்டு உரச்சாக்கும் போதும். 60 கிலோ ஆளை வைத்துத் தேயிலைப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் ஏறுங்கள். அணி எவ்வளவு தயார் என்று அப்போது தெரிந்துவிடும்.

போட்டி நாள்

அணியைத் தனி அறையில் அடைத்து வைப்பார்கள், போனும் கிடையாது. முன்னால் போன அணி என்ன பிரச்சினையைச் சந்தித்தது என்று தெரியக்கூடாதே. இரண்டு மூன்று மணி நேரம் அங்கே உட்கார வேண்டி வரலாம். பிஸ்கட் கொண்டு போங்கள், தண்ணீரை அளவாகக் குடியுங்கள். பிறகு ஒரு தாளும் வரைபடமும் கொடுத்து நேரத்தைத் தொடங்குவார்கள். அந்தத் தாளை இரண்டு தடவை வாசியுங்கள், ஒருவர் சத்தமாக, மற்றவர்கள் விரல் வைத்து. "எத்தனை பேர் காணவில்லை, மின்சாரம் நின்றுவிட்டதா, விசிறி ஓடுகிறதா, வாசலில் காவல் யார்?" இந்தக் கேள்விகளை உள்ளே போகுமுன் கேட்காத அணி பாதி தோற்றுவிட்டது.

சிக்கியவர் கெட்ட காற்று வராமல் தானே ஒரு மறைப்புக் கட்டி அதற்குப் பின்னால் உயிரோடு இருப்பதாகப் பிரச்சினையில் வந்தால், உடனே மறைப்பைப் பிரிக்கத்தான் கை துறுதுறுக்கும். இந்தப் பக்கம் கெட்ட காற்று. பிரித்தால் அவர் இதுவரை காப்பாற்றி வைத்த நல்ல காற்றும் போய்விடும். முதலில் உங்கள் முதுகுப்பக்கம் இன்னொரு மறைப்புக் கட்டி நடுவில் காற்றறை ஒன்றை உண்டாக்குங்கள். அவருக்கு மாட்டச் சுவாசக் கருவியோடு உள்ளே போங்கள். இறந்த உடல் கண்டால் வரைபடத்தில் குறித்துவிட்டு நகருங்கள், உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பிறகுதான் உடல். பயிற்சியில் இதைச் சொல்லும்போதே சில பிள்ளைகளுக்கு முகம் மாறும். மாறட்டும். அட்டையில் பழகிக்கொள்வது நல்லது.

முடிந்ததும் நடுவரின் கழிப்புத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடத்துக்கான பாடத்திட்டம் அதுதான்.

ஊரில் நிஜமாக ஏதாவது நடந்தால்

மாணவர் அணி குழிக்குள் இறங்காது. இதில் விவாதம் வேண்டாம். 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அழையுங்கள். 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு. ஓடுகிற பம்பை மேலிருந்தே நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து ஆட்களைப் பின்னால் தள்ளுங்கள், விளிம்பு இடியும். வாசலில் ஒருவர் கொப்பியோடு நின்று யார் உள்ளே, யார் வெளியே, எத்தனை மணிக்கு என்று எழுதட்டும். குதிக்கப் பார்க்கிற அண்ணனை இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் ஏசினாலும் பரவாயில்லை.

மழைக்காலத்தில் தோட்ட ஒபிசில் இருக்கும் மழைமானியைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் அடுத்த கட்டம், 150 என்றால் வெளியேறு என்ற அளவில் போகிறது. 75ஐத் தாண்டினால் அன்று மலையில் பயிற்சி இல்லை. சரிந்த இடம் மறுபடி சரியும் என்பதை 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வரைபடக்காரருக்கு ஊரில் ஒரு நிஜ வேலை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, எத்தனை பேர் உள்ளே என்ற கணக்கு நாட்கணக்கில் நிலைக்கவில்லை. நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண்ணிக்கை பிறகு வெகுவாகக் குறைந்தது. எங்கே தோண்டுவது என்று தீர்மானிக்க அந்தக் கணக்குத்தான் வேண்டும். ஆகவே உங்கள் டிவிஷனின் லயங்களைக் கையால் வரையுங்கள். காம்பிரா இலக்கம், அதில் படுக்கிறவர்கள் எத்தனை, நடக்க முடியாதவர் யார், மேலே கான் எந்தப் பக்கம் ஓடுகிறது, றோட்டுக்கு எந்தப் படி. ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று தோட்டத் தலைவரிடம், ஒன்று மலைக்கு வெளியே யாராவது உறவினர் வீட்டில். ஒன்றுமே ஃபேஸ்புக்கில் வேண்டாம், அது ஆட்களின் வீட்டு விபரம். கொழும்பில் கடைகளில் நிற்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகும்போது காம்பிராக் கணக்கு மாறிவிடும், அந்த வாரங்களில் ஒரு நடை போய்த் திருத்தி எழுதுங்கள்.